மீண்டும் பள்ளிக்குப் போன ஊழியர்கள்



"வாழ்நாள் கற்றல்" என்ற சொல் இன்று நம் காதுக்குப் பழகிப்போன சொல். 2016ஆம் ஆண்டு ஜனவரியில், 25 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொரு சிங்கப்பூரர் கணக்கிலும் 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை சேர்க்கப்பட்டது. பெரியவர்கள் மீண்டும் படிக்கப் போவது அன்றுதான் ஆரம்பித்தது என்று இளையர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அந்தக் கதைக்கு அறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட வயது. அந்தக் கதையில் நம் வீட்டுத் தாத்தாக்களும் பாட்டிகளும் இருக்கிறார்கள். கப்பல் பட்டறையில் வேலை செய்தவர்கள், மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.

பள்ளிப் படிப்பை விட்டுவிட்ட ஒருவர் முப்பது, நாற்பது வயதில் மீண்டும் படிக்க வேண்டுமானால் அவருக்கு மூன்று விஷயங்கள் வேண்டும். ஒன்று, கட்டணம். இரண்டு, வகுப்பில் பேசப்படும் மொழி. மூன்று, நேரம். இந்த மூன்றும் நம் நாட்டு ஊழியருக்கு எப்போது, எந்த வரிசையில் கிடைத்தன என்று பார்த்தால், இன்றைக்கும் நம்மில் சிலர் ஏன் வகுப்புக்குப் போவதில்லை என்பது விளங்கிவிடும். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எழுதப் படிக்க ஓர் இயக்கம்

1950களின் சிங்கப்பூரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். 1957ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இங்கிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத்தான் எழுத்தறிவு இருந்தது. பெண்களிடையே நிலைமை இன்னும் மோசம். தொடக்கப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பியே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் அப்போது இல்லை. கட்டாயக் கல்விச் சட்டம் இங்கு நடப்புக்கு வந்ததே 2003ஆம் ஆண்டு ஜனவரியில்தான் என்றால் பலருக்கும் வியப்பாக இருக்கும். அதற்கு முன் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போவதும் பாதியில் நிற்பதும் குடும்பத்தின் கையில்தான் இருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் மூத்த பெண் பள்ளியை விட்டு நிற்பாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மூத்த மகன் வேலைக்குப் போய்விடுவான்.

1959ல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. அடுத்த ஆண்டே, 1960ல், பெரியோர் கல்விக்கென்று ஒரு கழகம் அமைக்கப்பட்டது. மலாய்மொழியில் அதற்கு "லெம்பாகா கெராக்கான் பெலாஜாரான் டேவாசா" என்று பெயர். மாலையில் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, அதே வகுப்பறைகளில் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தேசிய மொழியான மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் வகுப்புகள் நடந்தன. பள்ளித் தேர்வுகளைத் தனியாக எழுத விரும்பியவர்களுக்கும் பாடங்கள் இருந்தன.

அந்தக் காலத்து வகுப்புகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. அங்கு வந்தவர் வேலைக்காக மட்டும் வரவில்லை. ஊரிலிருந்து வரும் கடிதத்தைப் பிறர் உதவியின்றிப் படிக்க வேண்டும், அரசாங்கப் பாரத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடவேண்டும், பக்கத்து வீட்டுக்காரரோடு மலாயில் நாலு வார்த்தை சரியாகப் பேசவேண்டும் என்பதற்கெல்லாம் வந்தார்கள். கட்டணம் பெரிய சுமையாக இல்லை. ஆனால் நேரம்? அது முழுக்க முழுக்க ஊழியர் தம் சொந்தக் கணக்கிலிருந்து கொடுத்தது. பகலெல்லாம் உழைத்துவிட்டு, குளித்தும் குளிக்காமலும் ஓடிவந்து உட்கார்ந்தார்கள்.

தளம் மூடியபோது

1968 ஜனவரியில் பிரிட்டன், தன் படைகளை இங்கிருந்து விரைவில் மீட்டுக்கொள்ளப் போவதாக அறிவித்தது. அன்றைய சிங்கப்பூரின் பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைத்தளங்களைச் சார்ந்திருந்தது. செம்பவாங் கடற்படைத் தளம் என்றால் நம் இந்தியச் சமூகத்தின் மூத்தவர்களுக்கு ஒரு ஊரையே சொன்ன மாதிரி. தமிழரும் மலையாளிகளும் அங்கு தலைமுறையாக வேலை செய்து, அங்கேயே குடியிருந்து, அங்கேயே பிள்ளைகளை வளர்த்தவர்கள்.

வேலை போகப்போகிறது என்றதும் மறுபயிற்சி என்ற சொல் முதன்முறையாகப் பெரிய அளவில் புழங்கத் தொடங்கியது. அதே 1968ல் கல்வி அமைச்சில் தொழில்நுட்பக் கல்விக்கெனத் தனித் துறை ஏற்படுத்தப்பட்டது. பற்றவைப்பு, இயந்திர வேலை, மின்கம்பி வேலை என்று ஜூரோங் தொழிற்பேட்டைக்குத் தேவையான கைத்தொழில்கள் கற்பிக்கப்பட்டன. தளத்துப் பட்டறை செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. கைத்தொழில் தெரிந்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். எழுத்தர், காவலாளி, துப்புரவு வேலை பார்த்தவர்களுக்கு அது அத்தனை சுலபமாக இல்லை. பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிய குடும்பங்கள் உண்டு.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1960ல் கல்வி என்பது ஒருவரின் முன்னேற்றத்துக்கான வழியாக இருந்தது. 1968க்குப் பிறகு அது வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியாகவும் ஆனது. அந்த மாற்றம் இன்றுவரை தொடர்கிறது.

முதலாளியிடமிருந்து ஒரு தீர்வை

1979 நம் கதையில் மிக முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டு ஏப்ரலில் பெரியோர் கல்விக் கழகமும் தொழிற்பயிற்சிக் கழகமும் ஒன்றாக இணைக்கப்பட்டன. எழுத்துப் பாடமும் கைத்தொழில் பாடமும் ஒரே கூரையின்கீழ் வந்தன.

மலிவான கூலியை நம்பிப் பிழைக்கும் தொழில்கள் இனி வேண்டாம் என்று அரசாங்கம் முடிவு செய்த நேரம் அது. 1979 முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேசியச் சம்பள மன்றம் கணிசமான சம்பள உயர்வுகளைப் பரிந்துரைத்தது. கூடவே, அதே ஆண்டு அக்டோபரில், திறன் மேம்பாட்டு நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. மாதம் 750 வெள்ளி அல்லது அதற்குக் குறைவாகச் சம்பளம் வாங்கும் ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளி, அந்தச் சம்பளத்தில் 2 விழுக்காட்டைத் தீர்வையாகக் கட்டவேண்டும். அடுத்த ஆண்டே அது 4 விழுக்காடானது.

இதன் சூட்சுமத்தைப் பாருங்கள். குறைந்த சம்பளக்காரர் எத்தனை பேரை வைத்திருக்கிறாரோ, அத்தனைக்கத்தனை முதலாளி அதிகம் கட்டுவார். கட்டிய பணத்தில் பலன் வேண்டுமா? ஊழியரைப் பயிற்சிக்கு அனுப்பவேண்டும். அப்படியாக, கட்டணம் என்ற முதல் தடை ஊழியரின் தோளிலிருந்து இறங்கத் தொடங்கியது.

ஆனால் நடைமுறையில் ஒரு முரண் எழுந்தது. யாருடைய சம்பளத்தைக் காட்டித் தீர்வை வசூலிக்கப்பட்டதோ, அவரால் பயிற்சிக்குப் போக முடியவில்லை. பயிற்சிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. புதிய இயந்திரத்தின் கையேடும் ஆங்கிலத்தில் இருந்தது. 1980ல் வேலை செய்துகொண்டிருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உயர்நிலைப்பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். தொடக்கப்பள்ளியையே முடிக்காதவர்களும் ஏராளம். பணம் இருந்தது, வகுப்பும் இருந்தது, உள்ளே நுழைய மொழி இல்லை.

"பெஸ்ட்" வந்த கதை

அதற்கு விடையாக 1983ல் வந்ததுதான் "பெஸ்ட்" திட்டம். திறன் பயிற்சிக்கான அடிப்படைக் கல்வி என்பது அதன் பொருள். ஆங்கிலம், கணக்கு என்று இரண்டே பாடங்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நிலைவரை ஊழியரைக் கொண்டு செல்வது நோக்கம். ஐம்பது வயதை நெருங்கியவர்கள் பலருக்கு இன்றும் அந்தப் பெயர் நினைவிருக்கும். அவர்களுடைய அம்மாவோ அப்பாவோ அந்த வகுப்புக்குப் போயிருக்கலாம்.

இந்தத் திட்டம் சரியாகச் செய்த சில காரியங்களைச் சொல்லவேண்டும். முதலாவது, வருகிறவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்த்து, அதற்கேற்ற வகுப்பில் சேர்த்தார்கள். இரண்டாவது, பாடம் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு கட்டத்தை முடித்தால் அதற்கொரு சான்றிதழ். குழந்தை பிறந்தது, வேலை நேரம் மாறியது என்று இடையில் நின்றாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூன்றாவது, வகுப்பு ஊழியரைத் தேடி வந்தது. தொழிற்பயிற்சி நிலையங்களில் மட்டுமல்லாமல் தொழிற்சாலைகளிலும் வகுப்புகள் நடந்தன. தொழிற்சங்கங்களும் கைகொடுத்தன. திறன் மேம்பாட்டு நிதி பெரும்பங்குச் செலவை ஏற்றுக்கொண்டது.

தமிழர்களாகிய நாம் இங்கு இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982ல் மூடப்பட்டது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி ஆகிவிட்டது. தமிழ்ப்பள்ளி மூடியதற்கு அடுத்த ஆண்டு, பெரியவர்களுக்கு ஆங்கில அரிச்சுவடி கற்பிக்கும் திட்டம் வருகிறது!

இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு தலைமுறை உண்டு. அவர்கள் படிக்காதவர்கள் இல்லை. தமிழில் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார்கள், மேடையில் பேசுவார்கள், கணக்கு வழக்கு பிசகாமல் பார்ப்பார்கள். ஆனால் வேலையிடத்தில் பாரத்தை நிரப்பச் சொன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டியிருந்தது. சீனப்பள்ளியிலும் மலாய்ப்பள்ளியிலும் படித்தவர்களுக்கும் இதே கதைதான். படித்த படிப்புக்கு வேலையிடத்தில் மதிப்பு இல்லாமல் போன வேதனை அது. அவர்களை "எழுத்தறிவற்றோர்" என்ற ஒரே பட்டியலில் போட்டுவிடுவது நியாயமாகாது. பெஸ்ட் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து ஏ, பி, சி எழுதியவர்களில் சிலர், தாய்மொழியில் நல்ல ஞானம் உள்ளவர்கள் என்பதை இன்று நாம் மறந்துவிடக்கூடாது.

அடுத்த படியாக 1987ல் "வைஸ்" திட்டம் வந்தது. பெஸ்ட் முடித்தவர்களும், உயர்நிலைப்பள்ளியைப் பாதியில் விட்டவர்களும் உயர்நிலைக் கல்வித் தரத்தில் ஆங்கிலமும் கணக்கும் படிக்க அது வழி செய்தது. 1992 ஏப்ரலில் தொழில்நுட்பக் கல்விக் கழகமாகிய ஐடிஇ உருவானபோது இந்தத் திட்டங்களும் அதன்கீழ் வந்தன. பகலில் பதினேழு வயது மாணவர். மாலையில் அவருடைய அப்பா வயதில் இருப்பவர், வழக்கநிலை, சாதாரண நிலைத் தேர்வுகளுக்குப் படிக்கிறார். அத்தகைய காட்சிகளை அந்தக் காலத்தில் பார்க்க முடிந்தது.

நேரத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது?

கட்டணம் இறங்கியது, மொழித் தடையும் ஓரளவு விலகியது. மூன்றாவது தடைதான் மிகவும் பிடிவாதமானது.

ஷிப்ட் வேலை செய்பவரின் கணக்கைப் பாருங்கள். வாரத்தில் இரண்டு மாலை வகுப்புக்குப் போனால், அந்த இரண்டு மாலையும் கூடுதல் நேர வேலை கிடையாது. அந்தப் பணத்தில்தான் பிள்ளையின் துணைப்பாடக் கட்டணமோ, வீட்டு மின்கட்டணமோ கட்டவேண்டும். வகுப்பு இலவசம் என்று வெளியில் சொல்வோம்; வீட்டுக் கணக்கில் அது இலவசமாக இருக்காது. பெண்களுக்கு இன்னும் ஒரு வேலை கூடுதல். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் அடுப்படி காத்திருக்கும்.

இதை முதலில் ஒழுங்காகக் கையில் எடுத்தது தொழிற்சங்கம்தான். 1996 இறுதியில் என்டியுசி, திறன் மறுமேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஊழியர் வேலை நேரத்திலேயே பயிற்சிக்குப் போகலாம். அவர் வேலையில் இல்லாத நேரத்துச் சம்பளத்தின் ஒரு பகுதி முதலாளிக்குத் திரும்பக் கிடைக்கும். கேட்பதற்கு இது சாதாரண நிர்வாக ஏற்பாடாகத் தோன்றலாம். என் பார்வையில் 1979ன் தீர்வைக்குச் சமமான திருப்பம் இது. படிக்கும் நேரத்துக்கும் விலை உண்டு, அதை ஊழியர் ஒருவரே சுமக்கக்கூடாது என்று ஏற்றுக்கொண்ட முதல் பெரிய திட்டம்.

அடுத்த ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி வந்தது. 1998ல் பலர் வேலை இழந்தனர். 2001ல் மீண்டும் மந்தநிலை. 2003ல் சார்ஸ். அந்த ஆண்டு செப்டம்பரில் ஊழியரணி மேம்பாட்டு அமைப்பு தொடங்கப்பட்டது. 2005ல் வந்த ஊழியர் திறன் தகுதிச் சான்று முறை, பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரும் தம் கைத்திறனைக் காட்டித் தேசிய அளவில் ஏற்கப்படும் சான்று பெற வழி செய்தது. வேலையிடத்துக்கான ஆங்கிலமும் கணக்கும் புதிய பாடங்களாக வடிவெடுத்து, பெஸ்ட், வைஸ் திட்டங்களின் இடத்தைப் படிப்படியாக எடுத்துக்கொண்டன.

உலக நிதி நெருக்கடியின்போது, 2008 டிசம்பரில், "ஸ்பர்" என்ற திட்டம் தொடங்கியது. ஆட்குறைப்பு செய்வதற்குப் பதிலாக ஊழியரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள், சம்பளத்தில் ஒரு பங்கை நாங்கள் தருகிறோம் என்றது அரசாங்கம். 2010ல் வேலைநலன் பயிற்சி ஆதரவுத் திட்டம், குறைந்த வருமானம் பெறும் 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் பயிற்சியை முடித்தால் கையில் ரொக்கமும் தந்தது.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். நேரத்துக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது பெரும்பாலும் நெருக்கடி வந்தபோதுதான். வேலை குறைந்த காலத்தில் ஊழியருக்கு நேரம் கிடைத்தது. வேலை பெருகிய காலத்தில் முதலாளியால் அவரை விட முடியவில்லை.

படித்தால் சம்பளம் ஏறுமா?

"இந்த வயதில் படித்து என்ன ஆகப்போகிறது?" என்ற கேள்வியை நாம் எல்லாரும் வீட்டில் கேட்டிருக்கிறோம். அது சோம்பலால் எழும் கேள்வி என்று நான் நினைக்கவில்லை. சான்றிதழ் வாங்கி வந்தபின் சம்பளம் அப்படியே இருந்தால் யார்தான் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்?

இதற்குச் சட்டப்படி ஒரு விடை கிடைத்தது படிப்படியான சம்பள உயர்வு முறையில்தான். துப்புரவுத் துறைக்கு 2014லும், பாதுகாவல், நிலவனப்புத் துறைகளுக்கு 2016லும் அது கட்டாயமானது. இன்ன பயிற்சியை முடித்து இன்ன பொறுப்பை ஏற்றால், இந்த அளவுக்குக் கீழே சம்பளம் தரக்கூடாது என்று ஏணி போல் வகுத்தார்கள். நம் இந்தியர் பலர் பணிபுரியும் பாதுகாவல் துறைக்கு 2021 ஜனவரியில் இன்னொரு மாற்றமும் வந்தது. கூடுதல் நேர வேலை மாதத்துக்கு 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்ற பொது விதியிலிருந்து அத்துறைக்கு இருந்த விலக்கு நீக்கப்பட்டது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்று நிற்பவரிடம் போய்ப் படியுங்கள் என்று சொல்வதில் பொருள் இல்லை. வேலை நேரம் குறையாமல் கல்வி நுழையாது.

இன்றைய நிலை

2016ன் 500 வெள்ளிக்கு மறுபடியும் வருகிறேன். அது நல்ல தொடக்கம். ஆனால் அது தொட்டது முதல் தடையை, அதாவது கட்டணத்தை மட்டும்தான். 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 4,000 வெள்ளி கூடுதலாகக் கிடைத்தது. வேலை வாய்ப்போடு தொடர்புடைய தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். அதுவும் கட்டணம்தான்.

நேரம் என்ற தடைக்கும் இப்போது பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2025 முதல், 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்கள் குறிப்பிட்ட முழுநேரப் பயிற்சிகளுக்குப் போனால், தாங்கள் வாங்கிய சராசரிச் சம்பளத்தில் பாதியை, மாதம் 3,000 வெள்ளி வரை, படித்தொகையாகப் பெறலாம். வாழ்நாளில் மொத்தம் 24 மாதங்களுக்கு அது கிடைக்கும். பகுதிநேரமாகப் படிப்போருக்கும் மாதம் 300 வெள்ளி தர 2025 வரவுசெலவுத் திட்டத்தில் முடிவு செய்யப்பட்டது. 1960ல் இரவு வகுப்புக்கு ஓடிவந்தவருக்கு யாரும் தராத ஒன்று, 65 ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது.

என்னைப் போன்ற முப்பது வயதுக்காரர்களுக்குப் பதினாறு வயதில் பலதுறைத் தொழிற்கல்லூரி இருந்தது, ஐடிஇ இருந்தது. பட்டயப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு வந்தோம். நமக்கு முந்தைய தலைமுறைக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. அவர்கள் பக்கவாட்டுச் சன்னல் வழியாக ஏறி வந்தவர்கள். அந்த வரலாறு தெரிந்தால்தான், ஐம்பது வயதில் வகுப்புக்குப் போகத் தயங்கும் ஒருவரைப் பார்த்து "இத்தனை சலுகை இருந்தும் ஏன் போகவில்லை?" என்று குறை சொல்லமாட்டோம்.

ஆகவே மூன்று பேரிடம் மூன்று வேண்டுகோள். முதலாளிகளே, ஊழியரை வகுப்புக்கு அனுப்பும்போது வேலை அட்டவணையையும் மாற்றிக் கொடுங்கள். வகுப்பு முடிந்து நேராக இரவு ஷிப்டுக்கு வரச் சொல்லாதீர்கள். சமூக அமைப்புகளே, எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு உதவித்தொகை, எங்கே விண்ணப்பிப்பது என்பதைத் தமிழில், நேரில், பாரத்தை நிரப்பிக் கொடுத்து விளக்குங்கள். இணையத்தில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மொழி என்ற தடை இன்னும் முழுதாக விலகவில்லை.

மூன்றாவது, வீட்டில் இருப்பவர்களுக்கு. அம்மா வகுப்புக்குப் போகிறேன் என்றால் அன்றைய இரவுச் சமையலை வேறு யாராவது செய்யுங்கள். அரசாங்கம் கட்டணம் தரலாம், படித்தொகையும் தரலாம். அந்த இரண்டு மணி நேரத்தை வீட்டில் இருப்பவர்கள்தான் தரமுடியும்.